முதல் குன்றா வாழ்வு: கல்முனைக் கரையோரப் பள்ளிகளில் நிலைபேற்றுப் பொருளியற் கல்வி

உழவன் வீட்டில் எத்துணை வறுமை வந்துற்றபோதும் விதைநெல் தனியே கட்டி வைக்கப்பட்டிருக்கும். பசித்த வயிறு அதனைக் கேட்கும். கேட்டும் அவன் கொடான். கொடுத்தானாயின் அடுத்த போகத்தில் வயலும் வெறிது, வயிறும் வெறிது என்பதை அவன் நன்கு அறிவான். இவ்வறிவே பொருளியலின் தலையாய அறிவு எனல் மிகையாகாது. இக்காலத்தார் நிலைபேறான அபிவிருத்தி எனப் பெயரிட்டு நூல் நூலாக விரித்துரைக்கும் கொள்கை, விதைநெல்லைக் குற்றித் தின்னாதே என்னும் கட்டளையின் விரிவேயாம். 1987ஆம் ஆண்டில் புறூண்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த உலக ஆணைக்குழு அதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்யுங்கால், வருந்தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடலாகாது என்பதே அதன் கருத்து.

இக்கருத்து மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என எண்ணுதல் பொருந்தாது. தஞ்சாவூரில் 1892இற் பிறந்த ஜே. சி. குமரப்பா என்னும் தமிழர், நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலைச் சிறையிலிருந்தே எழுதி 1945இல் வெளிப்படுத்தினார். நிலக்கரி, எண்ணெய் முதலியன நிலத்தடியிற் சேர்ந்து கிடக்கும் வைப்பு. எடுக்க எடுக்கக் குறைவன. மழை, மரம், உழைப்பு முதலியன ஓடிக்கொண்டேயிருக்கும் வரவு. முறையறிந்து கொண்டால் என்றும் குறையாதன. வைப்பை நம்பி வாழும் சமுதாயம் போட்டியிலும் போரிலும் சென்று முடியும் என்றும், வரவை நம்பி வாழும் சமுதாயமே அமைதியோடு நிலைக்கும் என்றும் அவர் கண்டார். அவர் பிறந்த அதே ஆண்டிலேதான் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே கற்றுக் கற்பித்த அப்பெருந்தகையின் ஊரையும் அதன் அயலூர்களையும் நோக்கியே இக்கட்டுரை எழுகின்றது.

பாடமும் நிலமும்

இலங்கைப் பள்ளிகளில் பொருளியல் தனிப் பாடமாக அமைவது உயர்தர வகுப்பிலேயாம். அதற்கு முன்னர் அதன் கூறுகள் புவியியல், வணிகமும் கணக்கீடும், குடியுரிமைக் கல்வி, விஞ்ஞானம் ஆகிய பாடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. மாணாக்கன் நிலைபேறு என்பதன் இலக்கணத்தை நெட்டுருச் செய்து, வினாத்தாளில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றான். ஆயின் தன் வீட்டுக் கிணறு, தன் தந்தையின் வயல், தன் மாமன் இழுக்கும் கரைவலை ஆகியவற்றோடு அவ்விலக்கணத்துக்கு உறவுண்டு என்பதை அவன் அறிந்தானல்லன். ஆடிக்கு வைக்கும் அளவைப் பாடத்தில் மெய்ப்பொருள் இல்லையாயின் அது பாடமாகாது, ஒலியாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் இக்கல்விக்கு வாய்த்த ஓர் இயற்கைப் பாடநூலாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரோடு ஊர் தொடுத்தாற்போல் நிற்கின்றது. கிழக்கே கடல்; மேற்கே நெல்வட்டைகளும் களப்புகளும்; இடையே ஒடுங்கிய மணற்றிடல். இம்மணற்றிடலிலே முஸ்லிம்களும் தமிழரும் நெருங்கி வாழ்கின்றனர். நெல்லும் மீனும் நெசவும் வணிகமுமே அவர்தம் முதல். விரிந்துகொள்ள நிலமில்லை. ஆதலின் முதல் குன்றாமற் காத்தல் என்பது இவர்க்கு நூற்கொள்கையன்று. வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகும்.

நீரிற் கற்கும் பாடம்

முதற்பாடம் நீரினின்று தொடங்கற்பாலது. தமிழில் பட்டிப்பளை ஆறு எனவும் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதன் பொருட்டு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கவல்ல அப்பெருங்குளத்தின் நீர், மேற்பகுதியிற் சிங்கள உழவரின் வயல்களைக் கடந்து, கடைமடையில் தமிழ் பேசும் உழவரின் வயல்களை அடைகின்றது.

மேல்மடையான் வேண்டிய மட்டும் திறந்துவிட்டால் கடைமடையானுக்கு வெறும் சேறே எஞ்சும். 1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்கள் சீர்குலைந்து, கடைமடையார் பெரிதும் இடர்ப்பட்டனர். அப்போது தொடங்கிய நீர் முகாமைத் திட்டத்தில், விவசாய ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981இலிருந்து இளைஞர் சிலரை உழவரிடையே அமைப்பாளராக அனுப்பின. அவர்கள் கட்டடம் கட்டவில்லை. உழவரை ஒரே வாய்க்காலின் பங்காளிகளாக ஒருங்கு கூட்டினர். குளத்தில் நீர் அருகியிருந்த அக்காலத்திலேயே மேல்மடையார் தம் மடையை முறைவைத்து அடைத்துக் கீழ்மடைக்கு நீர் விடத் தலைப்பட்டனர். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டார் நீராலே ஒன்றுபட்டனர்.

1997ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புடையது. குளத்து நீர் மிகச் சிறு பகுதிக்கே போதும் என அதிகாரிகள் கணித்தனர். உழவர் அமைப்புகளோ, இருக்கும் நீரை அனைவரும் அளவாகப் பகிர்ந்துகொள்வோம் என உறுதி கூறிப் பரந்த நிலத்தில் விதைத்து நல்ல விளைவும் கண்டன. இதனை நோர்மன் அப்ஹொவ், விஜயரட்ண ஆகிய ஆய்வாளர் எழுதியுள்ளனர். குளத்து நீர் பெருகவில்லை; உழவரிடை நம்பிக்கையே பெருகிற்று. நம்பிக்கையும் ஒரு முதலாகும் என்பதனை மாணாக்கர் இதனினும் தெளிவாக எங்கே கற்பர்?

இவ்வொழுங்கு புதுவதுமன்று. வட்டைக்கு ஒரு விதானையை நியமித்து, வேலி அடைத்தல், வாய்க்கால் வெட்டுதல், விதைப்பு நாள் குறித்தல் ஆகியவற்றைக் கூடி முடிவு செய்யும் வழக்கம் இந்நிலத்தில் நெடுங்காலம் இருந்தது. ஹென்றி வாட் தேசாதிபதியாயிருந்த காலத்தில் பிறந்த 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அத்தகைய பழைய வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் வட்டைவிதானை என்னும் பெயர் மக்கள் நாவினின்றும் நீங்கவில்லை. வீட்டிலுள்ள முதியோரிடம் இவ்வழக்கங்களைக் கேட்டெழுதி வருமாறு மாணாக்கரை ஏவுதல் ஆசிரியர்க்கு எளிது, பயனோ பெரிது.

புளியங்கொட்டைக் கடல்

இரண்டாம் பாடம் கடலைப் பற்றியது. இதற்கு ஒரு தட்டும் நாற்பது புளியங்கொட்டைகளும் போதும். தட்டே கடல், கொட்டையே மீன், மாணாக்கர் நால்வர் மீனவர். ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் விரும்பிய அளவு எடுக்கலாம். சுற்று முடிவில் தட்டில் எஞ்சியவை இருமடங்காகப் பெருகும். ஆயின் அக்கடல் நாற்பதுக்கு மேல் தாங்காது.

பேசாதிருந்து விளையாடச் சொன்னால், பெரும்பாலும் முதற்சுற்றிலேயே கைகள் பாயும். ஒவ்வொருவரும் 8 எடுத்தால் 32 போய் 8 எஞ்சும், அது 16ஆகும், அடுத்த சுற்றில் ஆளுக்கு 4 எடுத்தால் கடல் வெறிதாகும். நால்வர்க்கும் கிடைத்தது 48. இனி, ஆளுக்கு 5 எனக் கூடிப் பேசி வரையறுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் 20 எடுக்க 20 எஞ்சும்; அது மீண்டும் 40ஆகும். பத்துச் சுற்றில் 200 மீன் கிடைக்கும். கடலும் முன்போலவே நிறைந்திருக்கும். பேராசைக்கு 48, அளவுக்கு 200 என்னும் இக்கணக்கைத் தம் கைகளாலே செய்து கண்ட பிள்ளைகள் அதனை எளிதில் மறவார்.

பொதுவுடைமையான வளம் கேடடைந்தே தீரும் என்று 1968இல் கரட் ஹாடின் என்னும் அறிஞர் வாதித்தார். தீர வேண்டியதில்லை, தம்முட் பேசி விதி வகுக்கும் மக்கள் அதனைக் காத்துள்ளனர் என்று 1990இல் எலினோர் ஒஸ்றம் அம்மையார் பல நாட்டுச் சான்று காட்டி நிறுவினார். அவ்வாய்வுகளுக்காக 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். பேசாது விளையாடிய சுற்று ஹாடினின் வாதம். பேசி விளையாடிய சுற்று ஒஸ்றத்தின் விடை.

எனினும் ஒரு நுட்பம் இங்கே கருதற்பாலது. இலங்கையின் தென்கரைச் சிற்றூர் ஒன்றில் கரைவலை இழுப்போர் முறைவைத்து வலைவிட்டு, நல்ல துறையும் நல்ல வேளையும் எல்லார்க்கும் சமமாய்க் கிடைக்கும்படி விதி செய்திருந்தனர். ஆயின் வலைகளின் தொகையை வரையறுக்க அவரால் இயலவில்லை. வலைகள் பெருகின, ஒவ்வொரு வலைக்கும் கிடைக்கும் முறை அருகிற்று, பங்கும் சுருங்கிற்று. ஒஸ்றம் அம்மையார் தம் நூலில் இதனையும் எடுத்துக்காட்டியுள்ளார். நீதியாகப் பகிர்தல் ஒன்று. அளவாக எடுத்தல் வேறொன்று. இரண்டும் கூடினாலன்றி முதல் நில்லாது.

கிணறு கற்பிப்பது

மூன்றாவது பாடம் வீட்டு முற்றத்திலேயே உள்ளது. மணற்றிடலின் அடியில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லைபோல உவர்நீரின் மீது மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் தாழ்ந்திருக்கும் என்பது கீபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் கண்ட விதி. ஆகவே மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் கீழே உவர்நீர் நாற்பதடி ஏற இடமுண்டாகும். வட்டியைக் குடித்தால் கிணறு வாழும். முதலைக் குடித்தால் உப்பே வரும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது. மாண்டோர் தொகை 10,000க்கு மேற்பட்டது. கரையோரக் கிணறுகளும் கடல்நீரால் நிரம்பின. உதவ வந்தோரும் ஊராரும் அவற்றை இயந்திரம் கொண்டு மீண்டும் மீண்டும் இறைத்தனர். கிழக்குக் கரையில் நடந்த ஆய்வுகளோ, மிகையாக இறைத்தமையால் சில இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்ததையும், பருவமழையே காலப்போக்கில் உப்பைக் கழுவியதையும் எடுத்துரைத்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது. இயற்கையின் கணக்கும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கிழமைதோறும் முடிச்சிட்ட கயிற்றால் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, மழையளவோடு ஒப்பிட்டு வரைபு வரைதல் பத்தாந்தர மாணாக்கர்க்கு அரியதன்று.

கணக்கேட்டில் இடம்பெறாச் செலவு

பொருளியலாளர் புறவிளைவு எனக் கூறும் கருத்து, மாணாக்கர்க்கு எளிதில் விளங்குவதன்று. ஒருவன் செய்யும் தொழிலின் இலாபம் அவனுக்கும், நட்டம் தொடர்பில்லாத இன்னொருவனுக்கும் போய்ச் சேர்தலே அது. இதற்கு ஒலுவில் சிறந்த சான்று. ஆங்கு 2013இற் திறக்கப்பெற்ற துறைமுகத்தின் அலைதாங்கிகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் மனைகளும் தோணி இழுத்துவைக்கும் இடங்களும் கடலுட் போயின. துறைமுகத்தின் திட்டச் செலவிலே தென்னையை இழந்தவனின் நட்டம் எழுதப்பட்டிருந்ததா என்னும் ஒரு வினாவே வகுப்புக்குப் போதிய பாடமாகும்.

அரசையும் பெருந்திட்டங்களையும் மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையாகாது. வெளிநாட்டில் வியர்வை சிந்தி உழைத்த பணத்தில் ஒரு மகன் வீடு கட்ட விழைகின்றான், ஊரில் நிலமில்லை, வயலை மண்ணிட்டு நிரப்புகின்றான். அவனளவில் அது குற்றமெனத் தோன்றாது. நூறுபேர் அவ்வாறு நிரப்பியபின் மாரிவெள்ளம் போக வழியின்றி ஊருக்குள் நிற்கின்றது. நெற்காணியை அனுமதியின்றி நிரப்பலாகாது என 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விதித்துள்ளது. சட்டம் ஏட்டிலும் வெள்ளம் வீட்டிலும் இருக்கின்றன. வெள்ளத்தைக் கடலுக்கு வடிக்கும் தோணாவிலே குப்பை கொட்டுதலும் இவ்வகையே. வீட்டினின்றும் நீக்கிய பொலித்தீன் உலகினின்றும் நீங்கிவிடுவதில்லை. அட்டாளைச்சேனைக்கு அயலேயுள்ள பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேய்ந்த யானைகள் பொலித்தீன் உண்டு இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் பரவியது.

2021 தந்த எச்சரிக்கை

இத்துணையும் கூறியபின் ஓர் இடர்ப்பாட்டை மறைத்தல் தகாது. இம்மாவட்டத்து உழவர் வீடுகளில் நிலைபேறு என்னும் சொல்லே ஐயத்துக்கு உள்ளாகியிருக்கின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நாடு முழுதும் சேதன வேளாண்மைக்கு ஒரே போகத்தில் மாற வேண்டுமெனக் கூறப்பட்டது. போதிய சேதன உரமும் இல்லை, மாறுதற்குரிய காலமும் இல்லை, உழவனைக் கேட்டாருமில்லர். அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகப் பயிர் நிலத்தில் நின்றது. 2021இல் ஏறத்தாழ 51 லட்சம் மெற்றிக் தொன்னாயிருந்த நாட்டின் நெல்விளைவு, 2022இல் 34 லட்சமளவிற்கு வீழ்ந்தது. அக்காலத்திலேயே அந்நியச் செலாவணி வறண்டு, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியதும் எரிபொருட்கு மக்கள் நெடுவரிசையில் நின்றதும் பிள்ளைகளே கண்ட காட்சிகள்.

ஆகவே ஆசிரியன் நிலைபேற்றின் பெருமையை மட்டும் பேசினால், முன்வரிசையிலிருக்கும் உழவன் மகன் உள்ளத்துள் நகுவான். அவனுடைய ஐயத்தையே பாடமாக்குதல் வேண்டும். மண்ணின் வளம் முதல் என்பது உண்மை. உழவனின் வருவாயும் முதல் என்பது அதேயளவு உண்மை. ஒன்றைக் காப்பதாகக் கூறி மற்றொன்றை ஒரே நாளில் அழிப்பது விதைநெல்லைக் காப்பதன்று, விதைப்பவனை அழிப்பதாகும். கல்லோயாவில் உழவரைக் கூட்டிப் பேசி ஆண்டுக்கணக்கிற் கட்டியெழுப்பிய மாற்றத்தையும், 2021இல் ஒரு கட்டளையாற் புகுத்திய மாற்றத்தையும் அருகருகே வைத்து ஆராயும் மாணாக்கன், பொருளியலோடு அரசியலறமும் கற்றவனாவான்.

மரபின் துணை

நிலைபேற்றுக் கணக்கு இம்மக்களின் சமய வழக்கிலும் ஊறியிருக்கின்றது. வக்பு என்பது யாது? ஒரு சொத்தின் முதலை விற்காது, கொடாது, அழிக்காது நிறுத்திவைத்து, அதன் பலனை மட்டும் பொதுநன்மைக்கு வழங்குதலே. அதனைப் பேணுதற்கென இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. கோயிற் காணியின் நெல்லைப் பூசைக்கும் மடைக்கும் கொடுத்துக் காணியைக் காக்கும் சைவர் வழக்கமும் அதுவே. விளைபொருளுக்குரிய ஸகாத்தை நோக்குமிடத்து, மழைநீரால் விளைந்ததற்குப் பத்திலொரு பங்கும், உழைப்பாலும் செலவாலும் இறைத்த நீரால் விளைந்ததற்கு இருபதிலொரு பங்கும் விதிக்கப்பட்டிருப்பது காணலாம். நீருக்கும் விலையுண்டு, உழைப்பைக் கழித்தே கடமை கணிக்கப்படும் என்னும் நுண்ணிய பொருளியல் இதனுள் அமைந்திருக்கின்றது. ஓடும் ஆற்றருகே நின்று ஒளூச் செய்யினும் நீரை வீண்செய்யற்க என்னும் போதனையையும் கல்முனைப் பிள்ளைகள் மதரசாவிலேயே கேட்டிருப்பர். அதனைப் பொருளியல் வகுப்போடு இணைத்துக் காட்டுதல் மட்டுமே ஆசிரியன் செய்யவேண்டுவது.

இரு தடைகள்

இக்கல்விக்கு எதிராக இரண்டு வாதம் கூறப்படும். பரீட்சையில் இவை வாரா என்பது ஒன்று. வாராதன அல்ல. அமையச் செலவு, புறவிளைவு, பொதுப்பண்டம் ஆகிய உயர்தரப் பாடப் பொருள்கள் யாவும் மேற்கூறிய எடுத்துக்காட்டுகளுள் அடங்கும். கிணற்றையும் கரைவலையையும் கொண்டு அவற்றை விளங்கிய மாணாக்கன், நெட்டுருச் செய்தவனைவிடத் தெளிவாக விடையெழுதுவான்.

வறியவர்க்கு வேண்டுவது வளர்ச்சி. கட்டுப்பாடன்று என்பது மற்றொன்று. இவ்வாதம் இரக்கத்திற் பிறந்தது. ஆகையால் மதித்து விடை கூறத் தக்கது. செல்வனுக்குக் கிணறு உவர்த்தால் போத்தல் நீர் வாங்குவான். கரை அரிக்கப்பட்டால் வேறூரில் மனை வாங்குவான். வறியவனுக்கோ கிணறும் கரையும் வயலுமே வைப்புப் பணம். இயற்கை முதல் அழியுங்கால் முதலில் அழிபவன் அவனே. ஆகவே நிலைபேறு என்பது வறியவன் மீது சுமத்தும் நோன்பன்று. அவனுடைய ஒரே சொத்துக்குக் காவல். அவனுக்கு வளர்ச்சி வேண்டாமென்பதன்று. அவன் காலடி மண்ணை விற்று வரும் வளர்ச்சி அவனுக்கு வாராது என்பதே இக்கல்வி உணர்த்துவது.

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. ஒரு போகத்துக்கு ஓர் ஏக்கரின் வரவுசெலவை மாணாக்கர் வீட்டில் கேட்டெழுதுக. விதை, உழவு, உரம், கூலி, ஸகாத் என வழக்கமான நிரல்களுக்கு அப்பால் மேலுமொரு நிரலை வரைக. மண், நீர், உடல்நலம், அயலான் ஆகியோர் தந்ததும் இழந்ததும் அதில் எழுதப்படுக. அந்நிரலிற் பல இடங்களில் இலக்கம் இடவியலாது; அவ்வெற்றிடங்களே மாணாக்கனைச் சிந்திக்கத் தூண்டும். மருதமுனை நெசவாளியின் மகள் நூலையும் சாயத்தையும் சாயநீர் போகும் வழியையும் இவ்வாறே எழுதலாம். மீனவன் மகன் வலைக்கண்ணின் அளவையும் குஞ்சுமீனையும் எழுதலாம்.

இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளைகளே நாளை வட்டைவிதானையும் நகரசபை உறுப்பினரும் பொறியியலாளரும் வெளிநாட்டுழைப்பாளரும் ஆவர். மடையைத் திறக்கும் கையும், வயலை நிரப்ப ஒப்பமிடும் கையும் அவர்களுடையனவே. அக்கைகளிற் சில வருடங்களுக்கு முன்னர் நாற்பது புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் செய்தல் ஆசிரியர்தம் கடனாகும். விதைநெல்லை உண்ணாது வைத்த முன்னோரின் பொறுமையாலேயே இன்று இவ்வயல்கள் விளைகின்றன. அப்பொறுமையை வருந்தலைமுறைக்குக் கையளித்தலினும் சிறந்த கல்வி பிறிதொன்றில்லை.